கொம்பனித்தெருப் பார்சல்

கல்முனைக்குடி
23.02.1997

அன்புத் தம்பி மிஹ்லாருக்கு ராத்தா பஹ்மிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் நல்லபடி கழிந்தது. உம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. போன கடிதத்தில் இருமல் என்றாயே, அது போயிற்றா இல்லையா என்று எழுதவே இல்லை. இனியாவது எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தங்கச்சி கைருன்னிஸாவுக்கு ஒலுவிலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் முனாப். கொழும்பில் ஒரு கட்டிடக் கம்பனியில் படம் கீறுகிறாராம். தொழுகையாளி, சிகரட் இல்லை, சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார் என்று பேசி வந்தவர் அடுக்குகிறார். ஒருவரை இவ்வளவு நல்லவர் என்று சொன்னால் எனக்கு முதலில் பயம்தான் வருகிறது. உன் மச்சான் ஜவுபர், "ஒனக்கிட்ட மலக்கு வந்து நிண்டாலும் நீ ரெக்கையத் தூக்கிப் பாப்பாய் புள்ள" என்று என்னைப் பரிகசிக்கிறார். பார்க்காமல் விட முடியுமா? பக்கத்துத் தெருவில் நடந்தது உனக்கும் தெரியும். நிக்காஹ் முடிந்து மூன்று மாதத்தில் கொழும்பிலிருந்து ஒருத்தி கைப்பிள்ளையோடு வந்து படலையில் நின்றாள்.

ஆகவே நீ முனாபோடு ஒரு சஹனில் இருந்து சாப்பிடு. நாலு பேரிடம் விசாரித்துத் தெரியாதது, ஒரே தட்டில் கை வைத்தால் தெரிந்துவிடும். இறைச்சியை யார் பக்கம் தள்ளுகிறார், அடுத்தவர் பக்கம் கை நீட்டுகிறாரா, கூட இருப்பவர் முடிக்கும் முன் எழும்புகிறாரா, எல்லாம் பார்த்து எழுது. போன் எடுக்காதே. கொமியூனிகேஷனில் கதைத்தால் பஸார் முழுக்கக் கேட்கும்.

தங்கச்சியைக் கரை சேர்த்த பிறகுதான் உன் கலியாணம் என்று உம்மா தினமும் சொல்கிறா. உனக்கும் வயது போகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த வீட்டுக்காகப் பொறுத்திருக்கிறாய். அல்லாஹ் அதற்கு உனக்குக் கூலி தருவான்.

உன் ராத்தா,
பஹ்மிதா


கொழும்பு-10
09.03.1997

அன்பின் ராத்தாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். இருமல் போய்விட்டது. உம்மாவுக்கு என் ஸலாம்.

கொழும்பில் நினைத்த நேரம் சஹன் வைக்கும் விருந்துக்கு எங்கே போவது? நான் தேடிப் போன அன்றே முனாப் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். கொள்ளுப்பிட்டியில் புதிதாக ஒரு கடை. லெபனானில் ஹோட்டல் குசினியில் இருந்துவிட்டு வந்த நம்மவர் ஒருவர் திறந்தது. ஹலால்தான், உள்ளே போய்க் கேட்டேன். ஆனால் சோறு கேட்டால் இல்லை என்கிறார்கள்! எல்லாம் உள்ளங்கை அளவுப் பீங்கானில் ஒவ்வொன்றாக வருகிறது. கடலையை வெண்ணெய் போல அரைத்து எண்ணெய் ஊற்றி ஒரு பீங்கான். விரல் தடிப்பில் சுட்ட இறைச்சி ஒரு பீங்கான். ரோசா நிறத்தில் புளிக்க வைத்த கிழங்கு ஒரு பீங்கான். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது வரும் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேசை நிறைந்தது, என் வயிறு நிறையவில்லை. வெளியே வந்து ஒரு கொத்துரொட்டி சாப்பிட்டேன்.

எல்லாப் பீங்கானையும் நடுவில்தான் வைக்கிறார்கள். இருவரும் அதிலிருந்து எடுக்க வேண்டும். ஆகவே சஹன் மாதிரித்தான் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் சொன்னபடி பார்த்தேன். இறைச்சி வந்தபோதெல்லாம் என் பக்கம் தள்ளினார். அவர் அதிகம் சாப்பிடவில்லை. நான் கை துடைக்கும் வரை எழும்பவில்லை. தங்கச்சியைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டார்: "அவவுக்கு இதுல விருப்பமா எண்டு ஆராவது கேட்டீங்களா?"

எனக்குப் பிடித்துவிட்டது ராத்தா.

உங்கள் தம்பி,
மிஹ்லார்


கல்முனைக்குடி
20.03.1997

அன்புத் தம்பிக்கு ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது.

உன் கடிதத்தை உம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்தேன். கிழங்கின் நிறத்தை எழுதியிருக்கிறாய், மாப்பிள்ளையின் நிறத்தை எழுதவில்லை. உன்னைக் கடையைப் பார்க்கவா அனுப்பினேன்?

"அவர் அதிகம் சாப்பிடவில்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். எனக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. வேலை முடிந்து வந்த ஆம்பிளை, தானே கூப்பிட்ட இடத்தில், தன் பக்கத்தைத் தொடாமல் இருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? ஒன்று உடம்பில் ஏதோ வருத்தம் இருக்கிறது. இல்லாவிட்டால் சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு யாரோ எங்கோ காத்திருக்கிறாள். சஹனில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். வெறும் வயிற்றோடு வந்தவன் கை பொய் சொல்லாது.

இன்னொரு தரம் போ. அவர் இருக்கும் அறைக்கும் போய்ப் பார். அலுமாரிக்குப் பின்னால், கொடியில், எல்லாம் பார்.

கைருன்னிஸா உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு போய்த் தனியாக வாசித்தாள். விருப்பமா என்று கேட்டாராமே, அந்த வரியில் சிரித்தாள். அவள் சிரித்துவிட்டாள் என்றுதான் எனக்கு இன்னும் பயம்.

ராத்தா


கொழும்பு-10
06.04.1997

அன்பின் ராத்தாவுக்கு, ஸலாம். நான் சுகம்.

அதே கடைக்கு இன்னும் இரண்டு மூன்று தரம் போய்விட்டோம். முதல் நாள் பெண்ணின் காக்காவுக்கு முன்னால் இருக்கிறோம் என்ற கூச்சத்தில்தான் அவர் சாப்பிடவில்லையாம். இப்போது வேளாண்மை வெட்டி வந்தவர் போலச் சாப்பிடுகிறார். அறைக்கும் போனேன். ஒரு பாய், ஒரு மேசை, படம் கீறுகிற பெரிய பலகை. கொடியில் இரண்டு சாரனும் ஒரு துவாயும் தொங்கின. போதுமா?

அவர் எனக்குக் கூடப் பிறந்தவரைப் போல உதவி செய்கிறார். என்ன உதவி என்று உடனே கேட்காதீர்கள், சும்மா எழுதினேன். நான் பொறுப்பு. நாளைக் குறியுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என்னால் வர முடியாது. நான் வேலை செய்கிற கடையில் லீவு இல்லை. உம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மிஹ்லார்


கல்முனைக்குடி
12.05.1997

தம்பிக்கு ஸலாம். உம்மாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே உம்மா சுகமாக இருக்கிறா. நான் சுகமாக இல்லை.

மருதமுனைச் சாரன் கொண்டுபோய்க் கொழும்பில் விற்கிற பக்கீர் முகைதீன் காக்கா நேற்று வீட்டுக்கு வந்தார். அவர் சொன்னதை அவர் வாயால் வந்தபடியே எழுதுகிறேன்:

"தங்கச்சி, கொம்பனித்தெருவுல ஒரு ஒழுங்கைக்குள்ள அந்த ஒலுவில் பொடியன் மோட்டச் சைக்கிள நிப்பாட்டினான். கையில கடைப் பார்சல் இரிக்கி. கதவத் தட்டினான். ஒரு பொம்புள வந்தா, வயித்துல புள்ள. பார்சல வாங்கிக்கிட்டு சிரிச்சிச் சிரிச்சிக் கதைச்சா. அவன்ட வாப்பாவோட பழகின ஆள் நான், எனக்கு முகம் பிழைக்காது. மறுகா பக்கத்துப் பெட்டிக்கடையில கேட்டன். அந்தப் புள்ள கல்முனைப் பக்கத்து ஆள ஒராளக் கலியாணம் முடிச்சிரிக்கி எண்டான்."

கொழும்பிலிருப்பவனுக்கு ஒலுவிலும் கல்முனைதான். அறையில் ஒரு பாய் என்று எழுதினாயே, மற்றப் பாய் கொம்பனித்தெருவில் இருக்கிறது.

நிக்காஹுக்கு ஆனி மாதம் நாள் பார்த்தாயிற்று. கைருன்னிஸா மருதாணிக்கு இலை சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பெண் யார்? உடனே போய் விசாரித்து எழுது.

பஹ்மிதா


கல்முனைக்குடி
02.06.1997

தம்பி, ஸலாம். மூன்று கிழமையாகப் பதில் இல்லை. தபாலில் தவறியதோ என்று இதை அந்தக் காக்காவிடமே கொடுத்து அனுப்புகிறேன். உனக்கு ஏதும் சுகமில்லையா? ஒரு வரியாவது எழுது.


கொழும்பு-10
11.06.1997

அன்பின் ராத்தாவுக்கு, ஸலாம். சுகம்தான். கடையில் வேலை கூட. மன்னிக்கவும்.

கொம்பனித்தெரு விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது. பக்கீர் முகைதீன் காக்கா கண்டதைப் பொய் என்று சொல்லவும் என்னால் முடியாது. முனாப் நல்லவர் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் மற்ற மனிசரின் உள்ளே இருப்பதை அல்லாஹ்தான் அறிவான். நிக்காஹ் முதலில் முடியட்டும், பிறகு எல்லாம் தானாகச் சரியாகிவிடும். இல்லை, உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் நீங்கள் எடுக்கும் முடிவுதான்.

இங்கே செக் பொயின்டில் கெடுபிடி கூட. இப்போதைக்கு யாரையும் கொழும்புக்கு அனுப்பாதீர்கள்.

மிஹ்லார்


கல்முனைக்குடி
18.06.1997

ஜனாப் முனாப் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

பெண்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளைக்கு நேரே எழுதுவது வழக்கம் இல்லை. எழுத வைத்துவிட்டீர்கள். கொம்பனித்தெருவில் ஒரு வீட்டில் நீங்கள் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தது உண்மையா? அந்தப் பெண் உங்களுக்கு யார்? நேரான பதில் ஒன்று போதும். பொய் என்றால் பொய் என்று எழுதுங்கள், நான் நம்ப ஆசைப்படுகிறேன்.

பஹ்மிதா ஜவுபர்


கொழும்பு-3
27.06.1997

மதிப்புக்குரிய ராத்தா அவர்களுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். உம்மா அவர்களுக்கும் என் ஸலாம்.

பார்சல் கொடுத்தது உண்மை. ஒரு தரம் அல்ல, பல தரம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் எனக்கு அந்நியப் பெண். நான் கதவுக்கு உள்ளே கால் வைத்ததில்லை. இதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது ஒருவர் என்னிடம் வைத்த அமானிதம். அவர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டால் அன்றே எல்லாம் எழுதுவேன். எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுப் பார்த்தேன்.

நீங்கள் சந்தேகப்படுவதில் எனக்குக் கோபம் இல்லை. என் தங்கச்சி விஷயம் என்றால் நானும் இப்படித்தான் கேட்பேன். உங்கள் தங்கச்சியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் அவவுக்கு மறைத்தது எதுவும் என்னுடையது இல்லை.

முனாப்


கல்முனைக்குடி
14.07.1997

தம்பிக்கு ஸலாம். உம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மாத்திரை போடாமல் பிடிவாதமாகப் படுத்திருக்கிறா.

சம்பந்தத்தை முறித்தாயிற்று. அமானிதமாம்! வயிற்றில் பிள்ளையோடு நிற்கிற பெண்ணை யாராவது அமானிதமாகக் கொடுப்பார்களா? பொய் சொல்கிறவன் பொய் சொல்லட்டும், அதற்கு மார்க்கச் சொல்லையா எடுக்க வேண்டும்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் மச்சான் ஒலுவிலுக்குப் போய் நேரே சொல்லிவிட்டு வந்தார். முனாபுடைய வாப்பா படலை வரை வந்து வழியனுப்பினாராம். அந்த மரியாதைதான் இவருக்கு மனதை அறுக்கிறது. இப்போது ஊரில் பெண்ணைப் பற்றியும் இரண்டு கதை, மாப்பிள்ளையைப் பற்றிப் பத்துக் கதை.

கைருன்னிஸா அழவில்லை. அழுதால் நல்லது. "ராத்தா, அந்த மனிசன் பொய் சொல்லல்ல. நீங்க பிழையான இடத்தில தேடுறீங்க" என்று ஒரு தரம் சொன்னாள். சரியான இடம் எது என்று கேட்டேன், எழும்பிப் போய்விட்டாள்.

உன்னைக் காண வேண்டும் போல் இருக்கிறது. இந்த வீட்டில் ஒரு ஆம்பிளைப் பிள்ளையின் குரல் கேட்டால் உம்மா எழும்புவா. இரண்டு நாளுக்காவது வா.

உன் ராத்தா


கொம்பனித்தெரு, கொழும்பு-2
30.08.1997

ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் உம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்களை ராத்தா என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் ஸரீனா. நாங்கள் மலாயர். வீட்டில் எங்கள் பாஷைதான், தமிழ் பள்ளிக்கூடத்தில் படித்தது, பிழை இருந்தால் பொறுங்கள்.

நான் மிஹ்லாருடைய மனைவி. போன வருடம் ஒக்டோபரில் எங்களுக்கு நிக்காஹ் நடந்தது. என் வாப்பா கடுமையாகச் சுகமில்லாமல் இருந்தார், கண் மூடும் முன் என்னை ஒருவர் கையில் கொடுக்க ஆசைப்பட்டார். அவர் ஆசைப்பட்டபடி நடந்தது, பத்து நாளில் மௌத்தாகிவிட்டார். தங்கச்சிக்கு முன்னால் முடித்தது ஊரில் தெரிந்தால் உம்மா தாங்க மாட்டா, தங்கச்சியின் நிக்காஹ் முடிந்த மறுநாளே சொல்கிறேன் என்று மிஹ்லார் சொன்னார். நான் நம்பினேன்.

வயிற்றில் பிள்ளை வந்த பிறகு எனக்குச் சோறு வாசமே பிடிக்கவில்லை. எரிப்பான கறி வாயில் பட்டால் வாந்தி. அந்தக் கொள்ளுப்பிட்டிக் கடையில் விற்கிற அரைத்த கடலையும் புளிக்க வைத்த கிழங்கும்தான் தங்கின. அதை ஒருநாள் இவர் கொண்டுவந்தார், பிறகு அதுவே என் சாப்பாடு. மாலையில் இவர் வேலை செய்யும் கடையை மூட நேரமாகும். முனாப் காக்காவிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. அவர் வாங்கி, வாசலில் தந்துவிட்டுப் போவார். "சாப்பிட்டீங்களா, மிஹ்லார் வாறார்" என்பார். அதற்கு மேல் அவர் என்னோடு கதைத்ததில்லை. சிரித்தது நான்தான். பசியில் சிரித்தேன்.

இரண்டு மாதமாக அவர் வருவதில்லை. இவரிடம் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நேற்று அழுதுகொண்டே எல்லாம் சொன்னார். அந்த அமானிதம் நான்தான் ராத்தா. ஒரு பெண்ணுடைய கலியாணம் என் பசியால் உடைந்தது என்று தெரிந்த பிறகு எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இதை எழுதுவது இவருக்குத் தெரியாது.

அடுத்த மாதம் பிள்ளை கிடைக்கும் என்கிறார்கள். துஆச் செய்யுங்கள். செய்ய மனம் வராவிட்டால் தங்கச்சியையாவது செய்யச் சொல்லுங்கள்.

ஸரீனா


கல்முனைக்குடி
14.09.1997

அன்புள்ள காக்காவுக்குக் கைருன்னிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா எழும்பி நடக்கிறா. மதினியின் சுகத்தையும், பிள்ளை கிடைத்துவிட்டதா என்பதையும் அறிய ஆசை.

மதினியின் கடிதம் வந்தது. பதில் எழுத ராத்தா மூன்று தரம் இருந்தா, மூன்று தரமும் கிழித்தா. ஊரில் எல்லோர் வீட்டு மாப்பிள்ளையையும் துருவிப் பார்த்த மனுசி, தன் தம்பியை மட்டும் ஒரு தரமும் பார்க்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டா. ஆகவே இதை நான் எழுதுகிறேன்.

நீங்கள் எனக்கு முன்னால் கலியாணம் முடித்ததில் எனக்கு ஒரு துளியும் கோபம் இல்லை. என்னிடம் சொல்லியிருந்தால் உம்மாவை நானே சம்மதிக்க வைத்திருப்பேன். ஆனால் ஆனி மாதம் ராத்தாவுக்கு எழுதினீர்களே, எனக்கு ஒன்றும் தெரியாது என்று. அதை எழுதும்போது என் முகம் உங்களுக்கு நினைவுக்கு வரவில்லையா? அவர் உங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார். நீங்கள் அவருக்கு எதிராக வாயைத் திறந்தீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று அழாததையெல்லாம் இப்போது அழுது முடித்துவிட்டேன்.

ஜவுபர் மச்சானை மறுபடி ஒலுவிலுக்கு அனுப்பினோம். பிந்திவிட்டது. அந்த மனிசருக்கு வாற மாதம் பத்தாம் திகதி அக்கரைப்பற்றில் நிக்காஹ். இங்கே நடந்ததைப் பெண் வீட்டார் கேள்விப்பட்டு, கொழும்பில் குடும்பம் இல்லை என்று பள்ளிவாசலில் எல்லோருக்கும் முன்னால் சத்தியம் பண்ணச் சொன்னார்களாம். பண்ணினாராம். அப்போதும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. பாதிப் பேர் நம்பவில்லையாம்.

மதினிக்கு என் ஸலாம். அவவுடைய பசியில் ஒரு பிழையும் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும் இருவரையும் கூட்டி வாருங்கள், என் அறையை ஒழித்து வைக்கிறேன். துஆவும் செய்கிறேன்.

ஆனால் காக்கா, அதற்கு முன்னால் பத்தாம் திகதி நீங்கள் அக்கரைப்பற்றுக்குப் போக வேண்டும். அவர் சத்தியம் பண்ணிய அதே பள்ளியில், அதே ஆட்களுக்கு முன்னால் எழும்பி நின்று, கொம்பனித்தெருவில் இருப்பது என் மனைவி என்று சொல்ல வேண்டும். பிறகு இங்கே வாருங்கள், உங்களுக்கு நானே சோறு போடுகிறேன். அங்கே போகாமல் இங்கே வராதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
கைருன்னிஸா